கிறிஸ்மஸ் குடும்ப ஜெபத்துக்கு வாட்ஸ்அப், கூகுள் மீட், ஜூம்: எது எதற்கு உதவும்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குடும்பம் தமிழ்நாட்டிலும் பெங்களூரிலும்தான் இருக்கிறது, முகம் பார்த்துப் பேசி ஒரு ஜெபம் பண்ணினால் போதும் என்றால் வாட்ஸ்அப்பே தாராளம். துபாயிலோ அபுதாபியிலோ ஒரு வீடு இருந்தால் வாட்ஸ்அப் அழைப்பு அங்கே எடுபடாது. ஜூம் அல்லது மீட்டுக்கு வந்தாக வேண்டும். பாட்டும் கீபோர்டும் இல்லாமல் கிறிஸ்மஸா என்று கேட்கிற குடும்பத்துக்கு ஜூம்தான். மூன்றில் எதை எடுத்தாலும், எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் சேர்ந்து பாடுவது மட்டும் நடக்காது. அதற்கு வேறு வழி இருக்கிறது. கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

இந்தச் செயலிகளைப் பற்றி வருகிற ஒப்பீடுகள் பெரும்பாலும் ஆபீஸ் மீட்டிங்கை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கிறிஸ்மஸுக்கு வேண்டியது வேறு. பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிற ஆச்சி பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடாமல் அழைப்பை எடுக்க முடிய வேண்டும். தாத்தா ஜெபம் பண்ணும்போது நேரம் முடிந்து பாதியில் அறுந்துவிடக் கூடாது. கனடாவில் இருக்கிற சித்தி வீட்டில் அது நடுராத்திரியாக இருக்கக் கூடாது. நாலு வயதுப் பிள்ளை பாடும்போது அத்தனை பேருக்கும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். இந்த நான்கையும் வைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறோம். யாரிடம் பழைய போன் இருக்கிறது, யார் வீட்டில் சிக்னல் குறைவு, யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தக் கடைசி ஆளுக்கு ஒத்துவருவதையே எடுங்கள். வசதிகளின் பட்டியலைப் பார்த்து முடிவு செய்தால், லேப்டாப் வைத்திருக்கிற பேரப்பிள்ளைகள் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வாட்ஸ்அப்

பெரியவர்களுக்கு இதைப் போல எளிதானது வேறில்லை. மணி அடிக்கும், பச்சைப் பொத்தானைத் தொட்டால் முகம் தெரியும். லிங்க், பாஸ்கோடு, மீட்டிங் நம்பர் என்று எதுவும் கிடையாது. நேர வரம்பு இல்லை. ஒரு வீடியோ அழைப்பில் 32 இணைப்பு வரை சேரலாம். ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்று கணக்கு வைத்தால் பெரிய குடும்பமே அடங்கிவிடும்.

சிக்கல்கள் இரண்டு. முதலாவது, முன்பே சொன்ன ஐக்கிய அரபு அமீரகம். அங்கே வாட்ஸ்அப்பில் செய்தியும் குரல் பதிவும் போகும். நேரடி அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. 2020-இல் வீட்டிலிருந்து வேலை, பள்ளி என்று வந்தபோது ஜூம் போன்ற செயலிகளுக்கு அங்கே வழிவிட்டார்கள். விபிஎன் (இணையத் தடையைச் சுற்றிப் போக உதவும் செயலி) போட்டுச் சமாளிக்கும்படி அங்குள்ளவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வேலைக்குப் போன இடத்தில் அவர்களுக்கு அது சட்டச் சிக்கலாக முடியலாம். மற்ற வளைகுடா நாடுகளிலும் விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், டிசம்பர் முதல் வாரத்திலேயே அந்த வீட்டாரோடு இரண்டு நிமிடம் பேசிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, பெரியவர்களின் போனில் இடம் நிரம்பியிருப்பது. காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் சேர்ந்து போன் நிறைந்துவிட்டால் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. பழைய பதிப்பில் புதிய வசதிகள் சரியாக வேலை செய்வதில்லை. பெரியவர் வீட்டுக்கு உள்ளூரில் யாராவது போகும்போது, வாட்ஸ்அப் அமைப்பில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதிக்குப் போய்ப் பெரிய வீடியோக்களை நீக்கி, செயலியைப் புதுப்பித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான்.

பாட்டு விஷயத்தில் வாட்ஸ்அப் கொஞ்சம் பின்தங்குகிறது. பேச்சுக் குரலைத் தெளிவாக்குவதற்காக மற்ற ஒலிகளை அது அமுக்கும். கீபோர்டின் நீண்ட சுரம், கைத்தட்டல், தபேலா எல்லாம் விட்டுவிட்டுக் கேட்கும். ஜூமில் இருப்பதுபோல் இசைக்கென்று தனி அமைப்பு இதில் கிடையாது.

கூகுள் மீட்

லேப்டாப்பில் பிரவுசரிலேயே திறந்துகொள்ளும், எதையும் நிறுவ வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிற எல்லாரிடமும் பெரும்பாலும் ஜிமெயில் கணக்கு ஏற்கெனவே இருக்கும். இலவசக் கணக்கில் 100 பேர் வரை, மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். 55-ஆவது நிமிடத்தில் எச்சரிக்கை வரும். குடும்ப ஜெபத்துக்கு ஒரு மணி நேரம் நல்ல அளவு.

மீட்டின் உண்மையான அருமை, பலரும் கவனிக்காத ஒரு விதியில் இருக்கிறது. இரண்டே இரண்டு பேர் அழைப்பில் இருந்தால் 24 மணி நேரம் வரை போகலாம். இதைக் கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரத்துப் பலகாரச் சமையலுக்குப் பயன்படுத்துங்கள். ஆச்சி வீட்டு அடுப்படியில் ஒரு போன், மகள் வீட்டு அடுப்படியில் ஒரு போன். மதியம் இரண்டு மணிக்குப் போட்டுவிட்டு மாலை வரை அணைக்க வேண்டியதில்லை. தொடர்ந்து பேச வேண்டும் என்றுகூட இல்லை, மாவு பிசைகிற சத்தமும், “எண்ணெய் காஞ்சிருச்சாம்மா?” என்ற கேள்வியும் இடையிடையே வந்தால் போதும். 25-ஆம் தேதி கூடுகையைவிட இந்த மத்தியானங்கள்தான் கூட இருக்கிற உணர்வைத் தருகின்றன. பலகாரம் சுடுகிற இரண்டு நாள்தான் வீட்டுப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற நேரம். அதை விட்டுவிட்டுப் பெருநாளன்று மட்டும் அழைப்பு வைத்தால் பாதிக் கிறிஸ்மஸ் போய்விடுகிறது.

அச்சு முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறையை எழுதி அனுப்பினால் வராத பண்டம் இது. கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். இரண்டு கப் பச்சரிசி மாவு, அரை கப் சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி எள், ஒரு சிட்டிகை உப்பு. தேங்காய்ப் பாலை ஒன்றரைக் கப்பில் தொடங்கி, மாவு தோசை மாவைவிடச் சற்று நீர்க்கும் வரை ஊற்றிக் கரைக்க வேண்டும். அச்சை எண்ணெயிலேயே வைத்துச் சூடாக்கி, அதன் முக்கால் உயரம் வரை மட்டும் மாவில் முக்க வேண்டும். முழுக முக்கினால் மாவு மேல் விளிம்பில் ஏறிக் கவ்விக்கொள்ளும், முறுக்கு கழன்று விழாது. அச்சு சூடு குறைந்தால் மாவு ஒட்டாது. மிஞ்சினால் முக்கியதுமே வெந்து மாவுக் கிண்ணத்துக்குள் உதிரும். புது இரும்பு அச்சென்றால் முந்தின ராத்திரியே கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். முதல் நாலைந்து முறுக்கு எப்படியும் ஒட்டும்.

இதையெல்லாம் அழைப்பில் காட்ட வேண்டுமானால் போனை வாணலிக்கு மேலே வைக்கக் கூடாது. எண்ணெய்ப் புகை படிந்து ஐந்து நிமிடத்தில் லென்ஸ் மங்கிவிடும், தெறிக்கிற அபாயமும் உண்டு. அடுப்பின் இடப்பக்கம், வாணலியின் விளிம்பு உயரத்துக்குச் சற்று மேலே, இரண்டடி தள்ளி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அப்போதுதான் மாவுக்கிண்ணமும் அச்சும் ஒரே சட்டத்துக்குள் வரும், எவ்வளவு ஆழம் முக்குகிறார்கள் என்பதும் தெரியும்.

ஜூம்

இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம். 2020 கிறிஸ்மஸ் சமயத்தில் சில நாட்களுக்கு அந்த நேர வரம்பை எடுத்துவிட்டார்கள். அந்த நினைப்பில் இப்போதும் திட்டமிடுகிறவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். 40 நிமிடம் என்றால் 40 நிமிடம்தான்.

இதைத் தடையாகப் பார்க்க வேண்டியதில்லை. கூடுகையை இரண்டாகப் பிரியுங்கள். முதல் அமர்வு 35 நிமிடத்துக்குள் ஜெபம். பிறகு இருபது நிமிடம் இடைவேளை. அவரவர் வீட்டில் கேக், காபி. அதன்பின் இரண்டாம் அமர்வில் அரட்டை, பரிசு திறப்பு. இடைவேளை இல்லாமல் இரண்டு மணி நேரம் இழுத்தால் பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் முதலில் சோர்ந்துபோகிறார்கள். அது வேண்டாம், ஒரே அமர்வாகத்தான் வேண்டும் என்றால் யாராவது ஒருவர் ஒரு மாதத்துக்கு மட்டும் ‘ப்ரோ’ சந்தா எடுத்தால் போதும்; வரம்பு அழைப்பை நடத்துகிறவரின் கணக்கைப் பொறுத்தது. சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், எடுத்த அன்றே அதை ரத்து செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முழுக்க வேலை செய்யும்.

ஜூமைப் பாட்டுக்குப் பரிந்துரைக்கக் காரணம் ஒரே ஒரு அமைப்பு. ‘செட்டிங்ஸ்’, ‘ஆடியோ’ பகுதிக்குள் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று இருக்கும். அதை இயக்கினால் இரைச்சல் நீக்கும் வேலையைச் செயலி நிறுத்திவிடும். கீபோர்டும் கிட்டாரும் முழுதாகக் கேட்கும். அதற்கடியில் எதிரொலி நீக்கம் என்று ஒரு தேர்வு இருக்கும். ஹெட்போன் போட்டிருந்தால் மட்டுமே அதை அணைக்கலாம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு அணைத்தால், மற்ற வீடுகளின் சத்தம் உங்கள் மைக் வழியாகத் திரும்பிப் போய் ஊளையிடும். வாசிக்கிற வீடு மட்டும் இந்த அமைப்பை இயக்கினால் போதும். பாட்டு முடிந்ததும் திரையின் மேல் மூலையில் உள்ள பொத்தானைத் தொட்டு அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வீட்டு மின்விசிறிச் சத்தம் எல்லாருக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பெரியவர்களுக்கு ஜூம் சிரமம் என்பது உண்மை. லிங்க்கைத் தொட வேண்டும், பெயர் கேட்கும், ‘ஜாயின் வித் வீடியோ’ என்று கேட்கும், ஒலிக்கு ‘வைஃபை ஆர் செல்லுலார் டேட்டா’ என்பதை வேறு தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: முகம் தெரியும், குரல் கேட்காது. செயலியின் அமைப்பில் ஒலி தானாக இணையும்படி ஒருமுறை மாற்றிவைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். ‘வெயிட்டிங் ரூம்’ வசதியை அணைத்துவிடுங்கள். பாஸ்கோடு உள்ள லிங்க்கைக் குடும்பக் குழுவுக்குள் மட்டும் பகிர்ந்தால் பாதுகாப்புக்கு அது போதும். பெரியப்பா காத்திருப்பு அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பதை யாரும் கவனிக்காமல் போவது சகஜமாக நடக்கிறது.

சேர்ந்து பாட ஏன் முடியாது, என்ன செய்யலாம்

காற்றில் ஒலி ஒரு நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நின்று பாடுகிறவரின் குரல் நம்மை வந்து சேர 30 மில்லிநொடி ஆகும். அந்த அளவு தாமதத்துக்கு மேல் போனால் ஒருவர் தாளத்தை மற்றவர் பிடிப்பது கடினம். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆக, ஒரு பக்கம் போய்ச் சேரவே 65 மில்லிநொடி. இதன்மேல் வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நேரம், வைஃபை, சர்வர் எல்லாம் சேரும். இணைய வேகத்தைக் கூட்டினாலும் இந்தத் தாமதம் போகாது. எல்லாரும் மைக்கைத் திறந்துவைத்துப் பாடினால் ஒவ்வொரு வீடும் மற்ற வீட்டுக்காகக் காத்திருந்து, பாட்டு வரிக்கு வரி மெதுவாகி, மூன்றாம் வரியில் நின்றுவிடும். பரமண்டல ஜெபத்துக்கும் இதே கதிதான்.

அழைப்பில் செய்யக்கூடியது இதுதான்: ஒரு வீடு மட்டும் மைக்கைத் திறந்து பாடும், மற்ற எல்லா வீடும் மைக்கை மூடிக்கொண்டு கூடவே வாய்விட்டுப் பாடும். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டு நிறைவாகக் கேட்கும், திரையில் எல்லார் உதடும் அசையும். அடுத்த சரணத்துக்கு அடுத்த வீடு. பரமண்டல ஜெபத்தைத் தாத்தா ஒருவரே சத்தமாகச் சொல்லட்டும்.

எல்லார் குரலும் ஒன்றாகக் கேட்டே ஆக வேண்டும் என்றால், முன்கூட்டியே பதிவுசெய்து சேர்ப்பதுதான் வழி. ஒரு கீர்த்தனையோ பாமாலையோ தேர்ந்தெடுத்து, கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒருவர் முழுப்பாட்டையும் மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தாளம் தட்டும் கருவி) வைத்து வாசித்து, தானே பாடியும் ஒரு வழிகாட்டிப் பதிவு தயாரிக்க வேண்டும். தொடக்கத்தில் மூன்று கைத்தட்டல் இருக்கட்டும். பெரியவர்கள் பாடுகிற குடும்பத்தில் சுருதியை வழக்கத்தைவிட ஒரு கட்டை இறக்கி வையுங்கள். வயது ஏற ஏற உச்ச சுரங்கள் எட்டாது, எட்டாதபோது அவர்கள் பாடுவதையே நிறுத்திவிடுவார்கள்.

மற்றவர்கள் அந்தப் பதிவை ஒரு போனில் இயர்போன் போட்டுக் கேட்டுக்கொண்டே, இரண்டாவது போனில் தாங்கள் பாடுவதை வீடியோ எடுக்க வேண்டும். அந்த மூன்று கைத்தட்டலோடு சேர்ந்து தாங்களும் தட்ட வேண்டும். எல்லாப் பதிவுகளையும் ஒரே புள்ளியில் பொருத்த உதவுவது அதுதான். இயர்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் போட்டுப் பாடினால் அந்தக் கீபோர்டுச் சத்தமும் எல்லாப் பதிவிலும் ஏறி, சேர்க்கும்போது கலங்கிப்போகும். மின்விசிறியை அணைத்து, துணிமணி, மெத்தை உள்ள படுக்கையறையில் பாடச் சொல்லுங்கள். வெறும் ஹாலில் எதிரொலிக்கும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்ப வேண்டும். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். ஒலியைச் சேர்க்கக் கம்ப்யூட்டரில் ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருள் போதும். டிசம்பர் 18-க்குள் எல்லார் பதிவும் வந்துசேர வேண்டும் என்று நாள் குறித்துவிடுங்கள். சேர்க்கிறவருக்கு இரண்டு மூன்று மாலைகள் தேவைப்படும்.

25-ஆம் தேதி அந்தப் பாட்டை ஜூமில் போடும்போது, ‘ஷேர்’ சன்னலில் ‘ஷேர் சவுண்ட்’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க மறக்காதீர்கள். மறந்தால் படம் மட்டும் ஓடும். மீட்டில் இதே வேலைக்கு, குரோம் பிரவுசரின் டேப் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் ஒலியையும் பகிரும்படி இயக்க வேண்டும்.

எந்த நேரம் வைப்பது

அதிகாலை ஆராதனைக்கோ நள்ளிரவுத் திருப்பலிக்கோ போய்வந்த வீட்டில், 25-ஆம் தேதி காலை பத்து மணிக்கு அழைப்பு வைத்தால் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் நடுவில் இருப்பார்கள். இந்தியாவில் மாலை 6.30 என்பது பல குடும்பங்களுக்கும் ஒத்துவரும். அப்போது துபாயில் மாலை 5, லண்டனில் பகல் 1, டொராண்டோவிலும் நியூஜெர்சியிலும் காலை 8, சிங்கப்பூரில் இரவு 9. மெல்போர்னிலோ சிட்னியிலோ யாராவது இருந்தால் இது கைகொடுக்காது. அங்கே டிசம்பரில் கோடைக்கால நேரம் என்பதால் நள்ளிரவு 12 ஆகிவிடும். கலிபோர்னியா அதிகாலை 5.

ஆஸ்திரேலியாவும் அமெரிக்க மேற்குக்கரையும் ஒரே குடும்பத்தில் இருந்தால், இந்தியாவில் 25 காலை 8.30-ஐப் பாருங்கள். கலிபோர்னியாவில் 24 இரவு 7, டொராண்டோவில் 24 இரவு 10, மெல்போர்னில் 25 பகல் 2. லண்டனுக்கு அதிகாலை 3 என்பதால் அவர்களுக்கு இது ஆகாது. எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு நேரத்தைத் தேடித் தேடி, ஆச்சியைக் காலை நாலு மணிக்கு எழுப்புகிற நிலைக்கு வர வேண்டாம். பெரியவர் நடுவில் இருக்க, கிழக்கே உள்ளவர்களுக்கு ஒன்று, மேற்கே உள்ளவர்களுக்கு ஒன்று என இரண்டு சிறு அழைப்புகள் வைப்பதே மேல். அழைப்பிதழில் அந்தந்த ஊர் நேரத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். ‘மாலை 6.30’ என்று மட்டும் போட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் தவறவிடுவார்.

நிகழ்ச்சிக்கு ஒழுங்கு எழுதி முந்தின நாளே குழுவில் போட்டுவிடுங்கள். ஜூமின் 40 நிமிடத்துக்குள் அடங்கும் ஓர் ஒழுங்கு: ஆரம்பப் பாட்டு 4 நிமிடம், ஜெபம் 2, வேத வாசிப்பு 5, பிள்ளைகளின் பாட்டும் வசனமும் 8, தாத்தாவின் வார்த்தை 6, ஆசி ஜெபம் 3, வீடு வீடாக வாழ்த்து 4. மொத்தம் 32. வாசிப்புக்கு லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களை ஐந்து வீட்டாருக்கு நாலு நாலாகப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு வீட்டுக் குரலும் கேட்டுவிடும். யாருக்குப் பின் யார் என்று பெயர் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் “நீங்க வாசிங்க”, “இல்ல, நீங்க வாசிங்க” என்று ஒரு நிமிடம் போகும். தாத்தா பேசுகிற ஆறு நிமிடத்தைக் குறைக்காதீர்கள். இந்தக் கூடுகையே அதற்காகத்தான்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

ஒரே அறையில் இரண்டு போன் அழைப்பில் இருந்தால் கீச்சென்று சத்தம் வரும். ஒன்றின் ஸ்பீக்கரில் வருவதை மற்றதன் மைக் எடுத்துத் திருப்பி அனுப்புவதுதான் காரணம். மைக்கை மட்டும் மூடினால் போதாது, இரண்டாவது போனின் ஒலியையும் அடக்க வேண்டும்.

டிவியில் போட விரும்பினால் லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரால் இணைப்பதே நல்லது. போன் திரையை வைஃபை வழியாக டிவியில் காட்டினால் டிவியில் ஒலி தாமதமாக வரும். எதிரொலியை நீக்குகிற ஏற்பாட்டால் அந்தத் தாமதத்தைப் பின்தொடர முடியாமல், பேசுகிறவர்களின் குரலே அவர்களுக்குத் திரும்பிக் கேட்கும். படம் டிவியிலும் ஒலி லேப்டாப் ஸ்பீக்கரிலும் இருக்கும்படி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்டாரையும் சீரியல் விளக்கையும் முகத்துக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால், கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு முகத்தை இருட்டாக்கும். குடிலும் மரமும் பக்கவாட்டில் இருக்கட்டும், ஒரு விளக்கு முகத்துக்கு எதிரே இருக்கட்டும்.

டேட்டாவையும் கவனியுங்கள். குழு வீடியோ அழைப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜிபி இழுக்கும். தினம் 1.5 ஜிபி பிளான் உள்ள பெரியவர், காலையிலிருந்து வருகிற வாழ்த்து வீடியோக்களைப் பார்த்தே முக்கால்வாசியைத் தீர்த்திருப்பார். வரம்பு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், வீடியோ ஓடாது. 24-ஆம் தேதியே அவர் எண்ணுக்கு ஒரு டேட்டா ஆட்-ஆன் போட்டுவிடுங்கள். மீடியா தானாக இறங்குவதையும் அணைத்துவையுங்கள். இவ்வளவு செய்தும் வீடியோ திணறினால், அந்த வீட்டில் மட்டும் வீடியோவை மூடிவிட்டுக் குரலோடு தொடருங்கள்.

அந்த வருஷம் துக்கம் நடந்த வீடு என்றால் இந்த ஏற்பாடு எதையும் அவர்கள்மேல் சுமத்த வேண்டாம். ஸ்டார் கட்டாத, பலகாரம் சுடாத வீட்டை முப்பது முகங்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்துவது அவர்களுக்குப் பாரம். நெருங்கிய ஒருவர் தனியாகப் போன் பண்ணி, முகம் காட்டாமல் குரலில் மட்டும் பேசி ஜெபித்தால் போதும்.

பலகாரப் பார்சல்

அழைப்பில் எல்லாரும் ஒரே பண்டத்தைக் கையில் வைத்திருந்தால் கூடுகையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அதற்கு எதை அனுப்புவது என்பதில் கணக்கு உண்டு. வெளிநாட்டு கூரியர்கள் எடையையும் கனஅளவையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகிறார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 40×30×30 பெட்டி என்றால் 7.2 கிலோ. அந்தப் பெட்டி நிறைய அச்சு முறுக்கு வைத்தால் உள்ளே இருப்பது அதில் பாதிகூட இருக்காது. காற்றுக்குத்தான் காசு கொடுப்பீர்கள். நொறுங்கவும் செய்யும். முந்திரிக்கொத்து அடர்த்தியானது, உடையாது, நன்றாக வறுத்த பயற்றில் செய்தால் பயணத்தைத் தாங்கும். தூத்துக்குடி மக்ரூன் கனமில்லாதது, ஈரம் பட்டால் பிசுபிசுத்துப்போகும். உள்ளூர் பார்சலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அச்சு முறுக்கை, மேலே சொன்ன அழைப்பு வழியில் அவரவர் வீட்டிலேயே சுட்டுக்கொள்வது நல்லது.

எதுவானாலும் முழுதாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் ஆவி உள்ளேயே தங்கி, இரண்டாம் நாளே நமுத்துவிடும். முட்டை, பால், இறைச்சி சேர்ந்தவற்றுக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் கட்டுப்பாடு கடுமை. அனுப்புமுன் அந்த நாட்டின் விதியைப் பார்த்து, உள்ளே இருப்பதை உள்ளபடியே படிவத்தில் எழுதுங்கள். நாட்டுக்குள் ஸ்பீட் போஸ்டில் அனுப்புவதானால், டிசம்பர் 15-க்குள் புக் செய்தால் கடைசி வார நெரிசலில் மாட்டாது.

பதிவு செய்வது

தாத்தாவின் ஜெபத்தைப் பதிவு செய்துவைக்க எல்லாருக்கும் ஆசை இருக்கும். வாட்ஸ்அப் அழைப்பில் அதற்கென்று பொத்தான் இல்லை. மீட்டின் இலவசக் கணக்கிலும் இல்லை. ஜூமில் இலவசமாகவே முடியும், ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து நடத்தினால் மட்டும்தான். பதிவு தொடங்கியதும் எல்லாருக்கும் அறிவிப்பு வரும் என்பதால், பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். திடீரென ஒரு குரல் பேசினால் பயந்து வெளியேறிவிடுகிறார்கள். தாத்தா பேசும்போது அவர் முகம் பெரிதாகப் பதிவாக, நடத்துகிறவர் ‘ஸ்பாட்லைட்’ செய்ய வேண்டும். அதற்கு அழைப்பில் குறைந்தது மூன்று பேர் வீடியோவைத் திறந்திருக்க வேண்டும். கூட்டம் முடிந்தவுடன் ஜூம் அந்தப் பதிவை எம்பி4 கோப்பாக மாற்றத் தொடங்கும், சில நிமிடங்கள் எடுக்கும். அது முடிவதற்குள் லேப்டாப்பை மூடிவிட்டால் பாதியில் நிற்கும். சார்ஜரைச் செருகிவைத்து, கோப்பு திறந்து ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அணையுங்கள். அன்று இரவே அதை ஒரு பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் ஏற்றி, லிங்க்கைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுங்கள்.